அம்மா தேய்த்த கற்கள்

1

அண்ணனுக்கு,

அம்மாவின் வேலையைப் பறித்தது நீதான்.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தொடங்கிப் பார்த்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்லலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இதுவரை வரவில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ கையெழுத்துப் போட்டால்தான் தபால்காரர் கையில் கொடுப்பார், நீ வாங்கியதற்கான அட்டை எனக்குத் திரும்பி வரும். கிடைக்கவில்லை என்று நீ சொல்ல முடியாது.

முதலில் உன் தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். கண் ஆஸ்பத்திரி ஹாலில், டோக்கன் கொடுக்கிற மேசைக்கு எதிரே நீ வைத்து, பார்த்துக்கொள் என்று என்னிடம் விட்டுப் போன ஆறடிக் கடல்நீர்த் தொட்டி, நீ புது வேலைக்கு ரயில் ஏறிய மறுநாள் கலங்க ஆரம்பித்தது. முதல் நாள் கண்ணாடியில் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பால். இப்போது பழைய சுண்ணாம்புத் தண்ணீர். நீ திறப்பு விழாவுக்காக அன்றைக்கே இறக்கிய ஆறு ஆரஞ்சு மீன்களில் செத்து மிதந்த நாலை நான் வலையில் அள்ளிவிட்டேன். மீதி இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அம்மோனியா சோதனைக் குழாயில் எட்டுச் சொட்டு விட்டால் தண்ணீர் கரும்பச்சை ஆகிறது. அந்தப் பச்சை வந்தால் ஓடிவிடு என்று நீதானே சொன்னாய்? நீ ஓடிவிட்டாய். நான் இங்கே நிற்கிறேன்.

நாற்றம் தாங்கவில்லை. மூடியைத் தூக்கினால் அழுகின முட்டையும் செத்த நண்டும் சேர்ந்த ஒரு வாடை முகத்தில் அடிக்கிறது. நுரை பிரிக்கிற கருவியின் கிண்ணத்தில் தினமும் காப்பிக் கசடு மாதிரி ஒன்று வழிகிறது. அதைக் கழுவிவிட்டு வந்து சோறு பிசைந்தால் விரலிலிருந்து அதே வாடை. மூன்று நாளாக ஸ்பூனால் சாப்பிடுகிறேன்.

ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். வாசல் காவலாளி படிகாரம் போடச் சொன்னார். மருந்துக் கடைப் பெண் எலுமிச்சம்பழம் என்றாள். மேனேஜர் யாரையும் கேட்காமல் எங்கிருந்தோ தெளியவைக்கிற மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து முழுதாகக் கவிழ்த்தார். பால் மோர் ஆனதுதான் மிச்சம்.

போன வாரம் ஒரு பெரியவருக்குக் கண் கட்டுப் பிரித்தார்கள். ஹாலுக்கு வந்து உட்கார்ந்தவர் எதிரே தொட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்று கத்தினார். "அய்யய்யோ, ஆபரேஷன் ஃபெயிலு! எல்லாம் பாலா தெரியுது!" நர்ஸ் அவர் தலையைப் பிடித்துச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பினாள். தேதிக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைக்கூட மனிதர் கடகடவென்று படித்துவிட்டார். ஹாலே சிரித்தது. பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

அப்போது நான் அக்குள் வரைக்கும் கையைத் தொட்டிக்குள் விட்டு அலை மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய். "நான் வச்ச சிஸ்டத்துல தப்பே வராது சார். வெளியிலேர்ந்து என்னமோ உள்ள போயிருக்கு. சோப்பு, பினாயில் ஏதாவது. ஹால்ல மாப் போடுறது யாருன்னு பாருங்க. அந்த மாதிரி ஆளுங்களுக்குச் சுத்தம்னாலே வாளியக் கவுக்குறதுதான் சார்."

ஹாலில் மாப் போடுவது யார் என்று உனக்குத் தெரியாதா?

பதினோரு வருஷமாக அந்த ஹாலைத் துடைத்தவள் நம் அம்மா. பெரிய டாக்டர் மீன் தொட்டி வைக்கப்போகிறார் என்று மேசைக்கடியில் துடைக்கும்போது காதில் விழுந்து, ஓடி வந்து உன்னிடம் சொன்னவளும் அவள்தான். "போய்ப் பாருடா, உனக்குன்னே வந்திருக்கு" என்றாள். "ஆர்டர் கையில வர்ற வரைக்கும் நீ என் அம்மான்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றாய் நீ. ஆர்டர் வந்தது. தொட்டி வந்தது. எட்டு நாள் அதே ஹாலில் நீ வேலை செய்தாய். எட்டு நாளும் அவள் உன்னைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள், யாரோ எவரோ போல. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு எம்புள்ளகிட்ட டாக்டர் கையைக் கட்டிக்கிட்டு நின்னு பேசுறாரு" என்று எனக்கு நடித்துக் காட்டுவாள்.

நீ ஸ்பீக்கரில் பேசும்போதும் அவள் ஹாலில்தான் இருந்தாள். நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தாள். உன் குரல் வந்ததும் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு நீ சொன்னதையும் கேட்டாள். அதே நாற்காலியை ரொம்ப நேரம் துடைத்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார். அம்மா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் கையை வெளியே எடுத்து, "தெரியலிங்க டாக்டர்" என்றேன். உன்னைத் திட்டி இவ்வளவு எழுதுகிறேன், இதையும் எழுதாவிட்டால் நானும் உன் ஜாதிதான்.

மறுநாள் மேனேஜர் அவளை நிறுத்திவிட்டார். சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கேட்டால், "யாருன்னு நெனச்சா சொன்னான், ஏதோ வாய்க்கு வந்தது. அவன் பேரு கெடக் கூடாதுல்ல" என்கிறாள்.

புதுக் கடல்நீர்த் தொட்டி என்றால் கலங்கத்தான் செய்யும். கழிவைத் தின்கிற நுண்ணுயிர் முதலில் கண்டபடி பெருகும், பிறகு அடங்கும், பொறுத்தால் தானே தெளியும் என்று எனக்குப் பாடம் நடத்தியவன் நீ. அதை டாக்டரிடம் சொல்ல உனக்கு இரண்டு நிமிஷம் ஆகும். சொல். துடைக்கிற அம்மா மேல் தப்பில்லை என்று சொல்.

நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள் அம்மா. அவள் சொன்னதற்காக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை

2

அண்ணனுக்கு,

அட்டை வந்தது. அதில் உன் கையெழுத்து இருந்தது. வேறு எதுவும் வரவில்லை.

போன கடிதத்தில் உன்னை அவசரத்தில் வாய் தவறியவன் என்று நினைத்து எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. சாதாரணக் கலங்கலுக்கு இந்த நாற்றம் வராது. கடல் பாறை உயிரோடு இருந்தால் அதன் மேல் பாசி, கடற்பஞ்சு, புழு, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் ஜந்து இருக்கும், அதுதான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்பாய். உன் தொட்டியில் பாறை எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. முந்தாநாள் ஒன்றை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு பொந்துக்குள் ஏதோ நீலமாகத் தெரிந்தது. புழு என்று நினைத்து இடுக்கியால் இழுத்தேன். நைலான் இழை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறையில் அம்மா வைத்திருக்கிற நீல பிரஷ் பக்கத்தில் பிடித்தேன். ஒரே நீலம், ஒரே நீளம். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தவள் அந்த பிரஷை மட்டும் கொடுக்கவில்லை, அது அவள் சொந்தமாக வாங்கியது.

கேட்டேன். முதலில் அவளுக்குப் பெருமைதான். "ஆமா, நான்தான் தேய்ச்சேன். மொட்டை மாடியில வச்சு ரெண்டு மணி நேரம். எம்புட்டு அழுக்குங்கிற! கல்லுக்குள்ளேர்ந்து புழுவா நெளியுது. ஒரே கவுச்சி. டாக்டர் வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, நாளைக்கு விழா, இந்தக் கருமாந்திரத்தையா ஹால்ல வைக்கப்போறீங்கன்னு கேட்டுட்டாங்க. எம்புள்ளைக்கு முகம் செத்துப்போச்சு. மாடியில வேற யாரும் இல்ல. அம்மா, கொஞ்சம் தேய்ச்சுக் குடேன்னான். எட்டு நாள்ல அன்னிக்குத்தான் அங்க வச்சு என்னை அம்மான்னு கூப்பிட்டான்."

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் அடித்து, ஒவ்வொரு கல்லாகத் தேய்த்திருக்கிறாள். பொந்துக்குள் பிரஷ் போகாத இடத்தில் விளக்குமாற்றுக் குச்சி விட்டு நோண்டியிருக்கிறாள். ஒரு வேலையைக் கொடுத்தால் அவள் அரைகுறையாகச் செய்வாளா? முடித்துவிட்டுக் காட்டியபோது நீ, "சூப்பர்ம்மா" என்று சொன்னாயாம். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. என் கையில் இருந்த இழையைப் பார்த்தாள். "ஏண்டி, நான் தேய்ச்சதுனாலயா கலங்குச்சு?"

நான் இழையைத் தாளில் மடித்து வைத்தேன். அவள் பிரஷை எடுத்து வாளிக்குப் பின்னால் வைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நான் உன்னிடம் வேலை கற்க வந்த முதல் வாரம், கை கழுவிய ஈரத்தோடு ஒரு கடல் பாறையைத் தொடப் போனேன். மணிக்கட்டில் ஒரு அடி வைத்தாய். "குழாய்த் தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் அதுல இருக்கறதுக்கு விஷம். உயிருடி அது." வலித்தது. ஆனாலும் இவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

ஆக உனக்குத் தெரியும். மொட்டை மாடியில் குழாய் ஓடும்போதே தெரியும். வெள்ளைக் கல்லைக் கையில் வாங்கும்போது அது பிணம் என்று தெரியும். அதைத் தண்ணீருக்குள் வைத்தால் பொந்துகளில் செத்துக் கிடப்பதெல்லாம் அழுகும் என்று தெரியும். விழாவைத் தள்ளிப்போட உனக்குத் தைரியம் இல்லை. புது வேலைக்கு அனுப்ப உனக்கு ஒரு படம் வேண்டும், தெளிந்த தண்ணீர், ஆறு மீன், பக்கத்தில் பெரிய டாக்டர். படம் எடுத்தாய், டாக்டரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கினாய், பெட்டியைக் கட்டினாய். கலங்கியதும் யார் மேல் போடுவது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. உனக்குத் தேய்த்துக் கொடுத்தவளே கையில் இருந்தாள்.

அருவருப்பாக இருக்கிறது அண்ணா. தினமும் கை விடுகிற தண்ணீரை விட உன்னை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகக் குமட்டுகிறது.

டாக்டருக்கு எழுது. கல்லைக் குழாய்த் தண்ணீரில் கழுவச் சொன்னது நான் என்று எழுது. அம்மாவுக்கும் தனியாக ஒரு வரி எழுது, நீ தேய்த்தது தப்பில்லை, தேய்க்கச் சொன்னதுதான் தப்பு என்று. நான் படித்துக் காட்டுகிறேன்.

இந்த முறை அம்மா எதுவும் எழுதச் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் தங்கை

3

அண்ணனுக்கு,

தண்ணீர் தெளிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் காலையில் போய் விளக்கைப் போட்டேன். பின்பக்கக் கண்ணாடியில் நீ ஒட்டிவிட்டு மறந்த விலைச்சீட்டு வரைக்கும் தெரிந்தது. அம்மோனியா குழாய் வெறும் மஞ்சள். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வாரம் இரண்டு முறை உப்பு கலந்த புதுத் தண்ணீர் மாற்றினேன், கரி போட்டேன், கிண்ணம் கழுவினேன், அழுகியதை உறிஞ்சி எடுத்தேன், மேனேஜர் கையில் பாட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அழுகுவது அழுகி முடிந்தது. இரண்டு மீனும் பிழைத்துவிட்டன. ஒன்றுக்கு வால் நுனி இல்லை.

ஹாலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். காவலாளி, "நான் சொன்ன படிகாரம் போட்டியா?" என்று கேட்டார். பெரிய டாக்டர் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னார். "பாத்தீங்களா? ஆளை மாத்தினதும் தண்ணி தெளிஞ்சுடுச்சு. அவர் சொன்னது கரெக்ட்."

உன் பொய்க்குத் தண்ணீரே சாட்சி சொல்கிறது. நான்தான் அதைத் தெளியவைத்தேன். முப்பத்தொரு நாள் என் கையை அந்தச் சாக்கடைக்குள் விட்டு, நம் அம்மாதான் குற்றவாளி என்று நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன்.

இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. டாக்டரின் அறைக்குப் போய் நீல இழையை மேசை மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கல் கழுவியது, கழுவச் சொன்னது யார், அதனால் கலங்கியது, நாள் ஆனதால் தெளிந்தது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கெட்டவர் இல்லை. எதிரே இருப்பவன் டை கட்டியிருந்தால் அவன் சொல்வதை நம்புகிறவர். கடைசியில், "உங்க அண்ணன் இதுல எக்ஸ்பர்ட்டும்மா. அவரே சோப்புன்னு சொல்லும்போது நீ இழையக் காட்டுற" என்றார்.

அப்போது சொன்னேன், ஹாலைத் துடைத்தவர் எங்கள் அம்மா என்று.

டாக்டர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரி இருந்தது. "ஏம்மா இப்படி? வேலை போன அந்த அம்மா மேல இரக்கம் இருக்கலாம், அதுக்காகச் சொந்த அண்ணன் மேல இப்படியா? போன வாரம்கூட அவர்கிட்டப் பேசினேன். அந்த அம்மாவை நிறுத்திட்டோம், பாவம், உங்களுக்குத் தெரிஞ்சவங்களான்னு கேட்டேன். வந்த அன்னிக்கு நீங்க அவங்களைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி ஒரு ஞாபகம், அதான் கேட்டேன். இல்ல சார், யாருன்னே தெரியாதுன்னாரே."

அவர் உனக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார், அண்ணா. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளைத் திருப்பிக் கூப்பிட்டிருப்பார். உன் வேலைகூடப் போயிருக்காது.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. தண்ணீர் தெளிந்ததை மட்டும் சொன்னேன். வாளிக்குப் பின்னாலிருந்து பிரஷை எடுத்து வெயிலில் வைத்தாள். "அப்பாடா, அவன் பேரு தப்பிச்சுது" என்றாள். பிறகு, டாக்டர் தன்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று கேட்டாள். கேட்டார் என்றேன். "என்ன கேட்டாரு?" என்றாள். நல்லா இருக்கீங்களான்னு கேட்டார் என்றேன். பொய் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நம் வீட்டில் எல்லோருக்கும் வருகிறது.

இப்போது வீட்டில் துடைக்கிறாள். துடைத்த இடத்தையே துடைக்கிறாள். சமையலறைத் தரையில் பூப்போட்ட ஓடு இருந்ததே, அந்தப் பூ போய்விட்டது. வேறு இடத்தில் வேலைக்குக் கேட்டாள். பழைய இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார்களாம். "தண்ணியக் கலக்கிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். யார் எடுப்பார்கள்?

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட அட்டைகள் இரண்டும் அவளிடம்தான் இருக்கின்றன. முதல் அட்டை வந்தபோது நான் வீட்டில் இல்லை. தபால்காரரிடம், யார் கையெழுத்து என்று கேட்டிருக்கிறாள். அவர் உன் பெயரைப் படித்துச் சொல்லியிருக்கிறார். நீ பதில் போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள். "ஏதோ சுருக்கமா எழுதியிருக்கான், வேலை அதிகம் போல" என்று என்னிடம் காட்டினாள். படிக்கத் தெரிந்த நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கானாம்" என்றேன். இரண்டாவதற்கும் அதையேதான் சொன்னேன். தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். எடுத்து எடுத்துப் பார்த்து ஓரம் நைந்துவிட்டது. மூன்றாவது அட்டைக்கும் நான் அதையே சொல்ல மாட்டேன்.

இதோடு ஒரு வெள்ளைத் தாளும் டாக்டரின் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். கல்லைப் பற்றி எழுத வேண்டாம். சோப்பைப் பற்றியும் வேண்டாம். தண்ணீர் எப்படிக் கலங்கினால் எனக்கென்ன, தெளிந்துவிட்டது. உன் வேலை உன்னிடமே இருக்கட்டும், படமும் நற்சான்றும் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள். நீ நன்றாக இரு. அவள் தினமும் அதைத்தான் வேண்டுகிறாள், நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒரே ஒரு வரி எழுது. "உங்கள் ஹாலைத் துடைத்தவர் என் அம்மா." கீழே அந்த அட்டையில் போடுகிறாயே, அதே கையெழுத்தைப் போடு.

இப்படிக்கு,
உன் தங்கை

4

அண்ணனுக்கு,

மூன்றாவது அட்டை இன்று வந்தது. டாக்டருக்கு உறை வரவில்லை, கேட்டுவிட்டேன்.

அம்மா அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். "என்னடி எழுதியிருக்கான், படி" என்கிறாள். அவள் முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உனக்குப் பதில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் என்ன படிக்கட்டும், சொல்.